லிங்கன் சென்ட்: குவியலைப் பிரிப்பதிலிருந்து விலை கேட்பது வரை ஒரு முழு வழிகாட்டி

பாட்டில் நிறைய, லிங்கன் முகம் பொறித்த அமெரிக்க ஒரு சென்ட் காசு சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்றிரண்டாவது நல்ல விலைக்குப் போகுமா என்று பார்க்க உட்காருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது லென்ஸ். அங்கேயே வேலை கெட்டுவிடுகிறது. பத்துக் காசு பார்ப்பதற்குள் கண் வலிக்கும், பதினோராவது காசில் இல்லாத பிழையெல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

இந்த வேலையில் லென்ஸ் ஏழாவது படி. அதற்கு முந்தைய படிகள் எல்லாம் வெறும் கண்ணாலும் தராசாலும் காந்தத்தாலும் முடிகிறவை. ஆயிரம் காசை ஐம்பதாகக் குறைத்துத் தருபவை அவைதான். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் 2,500 காசு உள்ள ஒரு வங்கிப் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம்.

1. உட்காரும் முன் மேஜையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு. சமையலறைத் தராசு உதவாது. நாம் தேடும் வித்தியாசம் அரை கிராம் சொச்சம்தான், அது கிராமைக்கூட ஒழுங்காகக் காட்டாது. தராசு சரியா என்று பார்க்கத் தனியாகப் படிக்கல் வாங்க வேண்டாம். அதிகம் தேயாத ஒரு ஐந்து சென்ட் காசை வையுங்கள், 5 கிராம் காட்ட வேண்டும்.

ஒரு காந்தம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அதற்கு மேல் வேண்டாம். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி ஒரு மேஜை விளக்கு. மேஜை மேல் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள், கை தவறினால் காசு டைல்ஸில் விழக் கூடாது. அட்டைச் சட்டத்துக்குள் மெல்லிய தாள் ஒட்டிய காசு உறைகள் ஒரு கட்டு.

வளைந்து கொடுக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகள் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். ஒன்றிரண்டு வருடத்தில் அவை பச்சையாகப் பிசுபிசுக்க ஆரம்பித்து, செம்பை அரித்துவிடும்.

2. கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள்

இதைத் தனிப் படியாக எழுதக் காரணம் உண்டு. என் நண்பர் ஒருவர் பழைய காசு ஒரு டப்பா வாங்கி வீட்டில் வைத்திருந்தார். ஊரிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா, செம்புக் காசு இப்படிக் கறுத்துக் கிடக்கிறதே என்று, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல புளியும் உப்பும் போட்டு எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கி வைத்துவிட்டார். அந்தக் குவியலில் 1931-எஸ் ஒன்று, அதாவது அந்த வருடம் சான்பிரான்சிஸ்கோவில் குறைவாக அடித்த காசு, இருந்தது. தேய்க்காமல் இருந்திருந்தால் நண்பருக்கு ஒரு நல்ல இரவுச் சாப்பாட்டுக் காசாவது தேறியிருக்கும். கடைக்காரர் விளக்கடியில் ஒருமுறை சாய்த்துப் பார்த்து, பாதிக்கும் கீழே ஒரு தொகை சொன்னார்.

காசின் மேல் படியும் பழுப்பு அழுக்கு அல்ல. செம்பு காற்றோடு சேர்ந்து தானாகப் போட்டுக்கொள்ளும் தோல் அது. புளி அந்தத் தோலை உரித்துவிடும். உள்ளே தெரியும் ரோஜா நிறம் புதுக் காசின் நிறம்போல இருக்காது, பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும். டூத்பேஸ்ட், எலுமிச்சை, வினிகர் எல்லாம் இதே கதைதான். ஒட்டிய பசையை எடுக்க வேண்டுமானால் கலப்பில்லாத அசிட்டோனில் ஊற வைத்து, துடைக்காமல் உலர விடலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காசை விளிம்பில் பிடியுங்கள். லிங்கனின் கன்னத்தில் பதிந்த விரல் ரேகை சில மாதத்தில் அங்கேயே நிரந்தரமாகிவிடும்.

3. பின்பக்கத்தை வைத்து நான்கு குவியல்

எல்லாக் காசையும் பின்பக்கம் மேலே வரும்படி திருப்பிப் போடுங்கள். முன்பக்கம் 1909 முதல் ஒரே முகம்தான், வலப்பக்கம் பார்க்கும் லிங்கன். அதை வைத்துப் பிரிக்க முடியாது. பின்பக்கம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, ஆண்டைப் படிக்காமலே காலத்தைச் சொல்லிவிடும்.

இரண்டு ஓரத்திலும் கோதுமைக் கதிர் வளைந்திருந்தால் அது 1909 முதல் 1958 வரை. தூண்கள் உள்ள லிங்கன் நினைவு மண்டபம் 1959 முதல் 2008 வரை. நடுத் தூண்களுக்கு இடையே பாருங்கள், உள்ளே உட்கார்ந்திருக்கும் லிங்கன் சிலை ஒரு கடுகளவு தெரியும். 2009-ல் மட்டும் அவர் வாழ்க்கையைக் காட்டும் நான்கு படங்கள்: மரக் குடிசை, மரக்கட்டையில் உட்கார்ந்து படிக்கும் இளைஞன், இல்லினாய் சட்டமன்றக் கட்டடத்தின் முன் நிற்கும் வக்கீல், பாதி கட்டிய அமெரிக்க நாடாளுமன்றக் குவிமாடம். 2010 முதல் கேடயம்.

கேடயக் குவியலை இப்போதே ஒதுக்கிவிடலாம். 2017-ல் பிலடெல்பியாவில் அடித்த காசில் 'பி' என்ற எழுத்து இருக்கும், அந்த ஒரு வருடம் மட்டும்தான். ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விலை ஒரு சென்ட்தான்.

கோதுமைக் குவியலில் எதையும் செலவழிக்காதீர்கள். தேய்ந்து போன சாதாரணக் கதிர்க் காசுக்குக்கூடச் சில சென்ட் கிடைக்கும்.

4. மண்டபக் குவியலில் 1982-ஐத் தனியாக எடுத்து எடை போடுங்கள்

1982-ல் உலோகம் மாறியது. அதற்கு முன் 95 சதவீதம் செம்பு, எடை 3.11 கிராம். அதற்குப் பின் துத்தநாகத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு, எடை 2.5 கிராம். அதனால் 1981 வரை ஒரு பக்கம், 1983 முதல் மறுபக்கம், 1982 மட்டும் தராசுக்கு.

3.0-க்கும் 3.2-க்கும் நடுவே காட்டினால் செம்பு. 2.4-க்கும் 2.6-க்கும் நடுவே காட்டினால் துத்தநாகம். பழகிய பிறகு தராசே வேண்டாம். மேஜையில் தட்டினால் செம்பு கணீரென்று ஒலிக்கும், துத்தநாகம் பொத்தென்று விழும்.

எடை போட்டதும் ஆண்டெண்ணைப் பாருங்கள். அந்த வருடம் பெரிய எண், சிறிய எண் என்று இரண்டு அச்சு வடிவம் இருந்தது. பெரிய எண்ணில் கடைசி 2-ன் அடி நேராக இருக்கும், சிறிய எண்ணில் வளைந்து ஓடும். டென்வரில் சிறிய எண்ணைத் துத்தநாகத்தில் மட்டுமே அடித்தார்கள் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2016-ல் செம்பில் ஒன்று கிடைத்தது. அதன் மதிப்பு பல ஆயிரம் டாலர். ஆகவே 1982, கீழே டென்வரைக் குறிக்கும் 'டி', சிறிய எண், எடை 3.1 என்று நான்கும் சேர்ந்து வந்தால் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி எடை போடுங்கள். மூன்று சேர்ந்து நான்காவது சேராத காசுகள் தினமும் வரும், அவற்றுக்கு விலை இல்லை.

1983 முதல் வந்த குவியலில் வேறு எடையைத் தேடிக் காசு ஒவ்வொன்றையும் தராசில் வைப்பவர்கள் உண்டு. பொழுது போகாதவர்கள் செய்யலாம்.

5. காந்தம்

1943-ல் செம்பு போருக்குத் தேவைப்பட்டதால் எஃகில் துத்தநாகம் பூசிக் காசடித்தார்கள். வெள்ளிபோல இருக்கும். வெள்ளி என்று நினைத்துப் பத்திரப்படுத்துபவர்கள் ஏராளம். காந்தத்தில் ஒட்டினால் சாதாரண 1943, சில்லறை விலைதான். கண்ணாடிபோல மின்னும் 1943 பெரும்பாலும் பின்னால் யாரோ மறுபூச்சுப் போட்டது. அதைப் புதுக் காசு விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

செம்பு நிறத்தில் 1943 கிடைத்தால்தான் கதையே. செம்பில் தவறுதலாக அடிபட்ட சில காசுகள் உண்மையிலேயே உண்டு. டென்வரில் அடித்த ஒன்று 2010-ல் 17 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதனால்தான் போலியும் அதிகம். முதலில் காந்தம்: ஒட்டினால் எஃகுக் காசில் செம்பு பூசியது, முடிந்தது. ஒட்டவில்லையென்றால் கடைசி எண்ணைப் பாருங்கள். உண்மையான 1943-ல் 3-ன் வால் மற்ற எண்களைவிடக் கீழே நீண்டு தொங்கும். 1948-ன் 8-ஐப் பாதி சுரண்டி 3 ஆக்கியிருந்தால் அந்த வால் இருக்காது.

1944 இதற்கு நேர் எதிர். அது செம்பு நிறத்தில்தான் இருக்க வேண்டும். எஃகில் வந்து காந்தத்தில் ஒட்டினால் அரிது. ஆனால் செம்புக் காசுக்கு மேல்பூச்சு போட்டு வெள்ளையாக்கியதும் நிறைய உலவுகிறது, அது ஒட்டாது.

6. ஆண்டும் அதன் கீழ் எழுத்தும்

ஆண்டெண்ணுக்குக் கீழே 'டி' இருந்தால் டென்வர், 'எஸ்' இருந்தால் சான்பிரான்சிஸ்கோ, ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் பிலடெல்பியா. எழுத்து இல்லாததைப் பிழைக் காசு என்று விளம்பரம் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிலடெல்பியா காசில் எழுத்து இல்லாதது வழக்கம், 2017 தவிர. 1922 மட்டும் வேறு கதை.

1922-ல் டென்வர் மட்டுமே சென்ட் அடித்தது. அந்த வருடக் காசில் 'டி' இல்லையென்றால் அச்சில் அந்த இடம் தேய்ந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அதிலும் முன்பக்கம் மங்கலாக, பின்பக்கக் கதிர் கூர்மையாக இருப்பதற்கே பெரிய விலை. பின்பக்கமும் மங்கலென்றால் பாதி ஆசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோதுமைக் குவியலில் தேட வேண்டியவை கொஞ்சம்தான். 1909-எஸ் வி.டி.பி. 4,84,000 மட்டுமே அடிக்கப்பட்டது. வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள் பின்பக்கத்தில் அடியில் இருக்கும், பெரிதாகத் தெரிகிறது என்று ஆட்சேபம் வந்ததால் உடனே எடுத்துவிட்டார்கள். தேய்ந்திருந்தாலும் பல நூறு டாலர் பெறும். 1931-எஸ் 8,66,000, 1914-டி 11,93,000, வி.டி.பி. இல்லாமல் 'எஸ்' மட்டும் உள்ள 1909-எஸ் 18,25,000. இவை போக 1924-டி, 1926-எஸ் ஆகியவற்றையும் தனியே வையுங்கள்.

விலை உள்ள இடத்தில் திருட்டு வேலையும் இருக்கும். 1914-டி-யை 1944-டி-யிலிருந்து செய்கிறார்கள், முதல் 4-ன் ஒரு பகுதியைச் சுரண்டினால் 1 ஆகிவிடும். ஆனால் 4 அகலமான எண். அதைச் சுரண்டிய இடத்தில் 9-க்கும் 1-க்கும் நடுவே ஒரு பல் விழுந்தாற்போல இடைவெளி விடும். இன்னொன்று: 1918-ல் வி.டி.பி. எழுத்துகள் திரும்பி வந்து லிங்கனின் தோள் முடியும் இடத்தில் விளிம்பை ஒட்டி உட்கார்ந்தன. 1914 காசின் தோளில் அந்த எழுத்துகள் இருந்தால் அது 1914 அல்ல. இதற்கு லென்ஸ் எடுக்கலாம், தப்பில்லை.

1909-எஸ் வி.டி.பி.-யில் 'எஸ்' எழுத்தை ஒட்டிவிடுவார்கள். உண்மையான எழுத்தின் மேல் வளைவுக்குள் ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், வி.டி.பி.-யில் 'பி'யின் நடுக்கோடு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்.

7. இப்போது லென்ஸ்: இரட்டை அச்சு

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காசு அடிக்கும் அச்சைச் செய்யும்போது மூல உருவை அதில் ஒரு தடவைக்கு மேல் அழுத்துவது பழைய முறை. இரண்டாம் அழுத்தம் இம்மி திரும்பினாலும் எழுத்துகள் அச்சிலேயே இரட்டையாகப் பதிந்துவிடும். பிறகு அந்த அச்சில் அடிபடும் எல்லாக் காசிலும் அதே இரட்டிப்பு அச்சு அசலாக இருக்கும். இதைத்தான் சேகரிப்பவர்கள் டபுள் டை என்கிறார்கள், விலை இதற்குத்தான்.

இதைப்போலவே தோன்றும் இன்னொன்று இயந்திர இரட்டிப்பு. அச்சு சரியாகத்தான் இருக்கும். இயந்திரத்தில் அது கொஞ்சம் தளர்ந்து, அடித்த கையோடு ஆடி, புதிதாக எழும்பிய எழுத்தின் ஓரத்தைத் தள்ளிவிடும். இதற்கு விலை கிடையாது.

வித்தியாசம் எழுத்தின் தடிமனில் இருக்கிறது. டபுள் டையில் எழுத்து தடிக்கும், முனைகளில் பாம்பு நாக்குபோலப் பிளவு தெரியும், இரண்டு உருவும் உருண்டையாக எழும்பி நிற்கும். இயந்திர இரட்டிப்பில் எழுத்து மெலியும், பக்கத்தில் தட்டையாக ஒரு படிக்கட்டு மட்டும் பளபளக்கும். விளக்கை ஒரே பக்கம் வைத்துக் காசை மெல்லச் சுற்றிப் பாருங்கள். படிக்கட்டு வெளிச்சத்தில் மின்னி மறையும், டபுள் டை எந்தக் கோணத்திலும் அப்படியே இருக்கும்.

மூன்றாவது ஏமாற்று, 1982-க்குப் பிந்தைய துத்தநாகக் காசில் பூச்சு பிளப்பது. எழுத்தின் ஓரமாக நீலம் கலந்த சாம்பல் கோடு ஓடும். அதுவும் பிழைக் காசு அல்ல, காசுக்கு வந்த வியாதி.

தேட வேண்டியவை இவை. 1955, எழுத்தில்லாதது: ஆண்டும் வாசகமும் அப்பட்டமாக இரண்டாகத் தெரியும், ஆயிரம் டாலரைத் தாண்டும். இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். 1955-ல் லென்ஸ் வைத்தால்தான் தெரிகிறது என்றால் அது அந்தக் காசு இல்லை. கடைசி 5 மட்டும் நிழலடிக்கும் 1955-கள் நிறைய உண்டு, அச்சு தேய்ந்ததால் வந்தவை, விலை சொற்பம்.

1969-எஸ் பெரிய மீன். அதற்குச் சோதனை 'எஸ்' எழுத்துதான். அந்தக் காலத்தில் ஊர் எழுத்தை அச்சில் தனியாகக் கையால் அடித்தார்கள். ஆகவே உண்மையான டபுள் டையில் ஆண்டும் வாசகமும் இரட்டை, எஸ் மட்டும் ஒற்றை. எஸ் எழுத்தும் இரட்டையாக இருந்தால் இயந்திரம் ஆடியிருக்கிறது. நான் பார்த்த 1969-எஸ் 'டபுள் டை' அத்தனையிலும் எஸ் இரட்டையாகத்தான் இருந்தது.

1972 எழுத்தில்லாதது, பின்பக்கம் முழுக்க இரட்டையான 1983, காதுக்குக் கீழே இன்னொரு காது மடல் தெரியும் 1984, 'லிபர்ட்டி' என்ற சொல் இரட்டையான 1995 ஆகியவற்றையும் பாருங்கள். கடைசியாகச் சொன்னது வங்கி தரும் காசு ரோல்களில் இன்னும் அகப்படக்கூடியது.

லென்ஸ் கையில் இருக்கும்போதே பின்பக்கத்தில் அமெரிக்கா என்ற சொல்லின் ஏ, எம் எழுத்துகளையும் பார்த்துவிடுங்கள். 1998, 1999, 2000 எழுத்தில்லாத காசுகளில் அவை ஏறக்குறைய உரசிக்கொண்டு நிற்பது வழக்கம், நடுவே தெளிவான சந்து இருந்தால் எடுத்து வையுங்கள். 1992-ல் மட்டும் தலைகீழ்: சந்து இருப்பது வழக்கம், உரசினால் அரிது.

8. தேய்மானமும் நிறமும்

காசின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணில் சொல்வார்கள். நீங்கள் எண் போட வேண்டாம், மூன்று இடம் பார்த்தால் போதும்: லிங்கனின் கன்ன எலும்பு, தாடை, பின்பக்கக் கதிர்த் தண்டின் கோடுகள். கோடுகள் முழுதாகத் தெரிந்தால் ஒரு விலை, மழுங்கியிருந்தால் வேறு விலை.

செம்புக் காசுக்கு நிறமும் தரத்தில் சேர்த்தி. புதிதின் சிவப்பு, சிவப்பும் பழுப்பும் கலந்தது, முழுப் பழுப்பு என்று மூன்று வகை. ஒரே ஆண்டு, ஒரே தேய்மானம், ஆனால் சிவப்புக்குப் பல மடங்கு விலை. புளி போடுபவர்கள் இந்தச் சிவப்பைத்தான் திரும்பக் கொண்டுவரலாம் என்று நினைக்கிறார்கள்.

9. விலையைப் பார்ப்பது

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல. சாதாரண 1972 சென்ட்டை ஐயாயிரம் டாலர் என்று யார் வேண்டுமானாலும் போடலாம். ஏல தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டி, உங்கள் காசின் தேய்மானத்தை ஒத்த நாலைந்தைப் பாருங்கள். விலைப் புத்தகத்தில் இருப்பது கடைக்காரர் விற்கும் விலை, உங்களிடம் வாங்கும் விலை அதற்குக் கணிசமாகக் கீழே இருக்கும். அவர் கடை வாடகையும் கொடுக்க வேண்டுமல்லவா.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பினால் காசைச் சோதித்து பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் தருவார்கள். தபால், காப்பீடு எல்லாம் சேர்த்தால் செலவு சுளையாக வரும். 150 டாலராவது போகும் என்று விற்ற விலைகள் காட்டாத காசை நான் அனுப்புவதில்லை. மேலே சொன்ன 1944 எஃகு, 1914-டி, 1955 வகைகளுக்கு மட்டும் சான்றில்லாமல் யாரும் முழு விலை தரமாட்டார்கள், அனுப்பத்தான் வேண்டும்.

10. மீதியை என்ன செய்வது

1981 வரையிலான செம்புக் குவியலைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரு கணக்கு தோன்றும். ஒரு காசில் ஏறக்குறைய 2.95 கிராம் செம்பு. பவுண்டு 4 டாலர் என்றால் ஒரு காசுக்குள் 2.6 சென்ட் செம்பு இருக்கிறது. உருக்கினால் லாபம்தானே? 2006 டிசம்பரிலிருந்து அமெரிக்காவில் சென்ட்டை உருக்குவது குற்றம், 10,000 டாலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை.

ஊருக்கு எடுத்துப் போகிறவர்களுக்கும் அதே விதியில் ஒரு வரி உண்டு: பயணி தன்னோடு 5 டாலர் மதிப்புக்கு, அதாவது 500 சென்ட் வரை கொண்டு செல்லலாம். அண்ணன் பிள்ளைகளுக்குப் பரிசாக ஆளுக்குப் பத்து கொடுக்க அது தாராளம். பெட்டியோடு சூட்கேஸில் வைக்காதீர்கள்.

தேறாதவற்றை வங்கியில் கொடுக்கும்போது, ரோல் வாங்கிய கிளையிலேயே கொடுக்காதீர்கள். அடுத்த மாதம் அதே காசுகளை மறுபடி வாங்கி உட்கார்ந்து தேடுவீர்கள், எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. 2025 நவம்பரில் புழக்கத்துக்கான சென்ட் அடிப்பதை நிறுத்திவிட்டதால், கேட்ட இடத்திலெல்லாம் பெட்டி கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். கைவசம் இருப்பதை நிதானமாகப் பாருங்கள்.

சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் காசு எண்ணும் இயந்திரத்தில் கொட்டுவதானால் கமிஷன் பிடிப்பார்கள். ஆனால் கொட்டும் முன் அதன் கீழே உள்ள, வேண்டாததைத் துப்பும் சின்னத் தட்டில் கையை விட்டுப் பாருங்கள். இயந்திரத்துக்கு எஃகு பிடிக்காது. முன்னால் வந்தவர் விட்டுப்போன 1943 ஒன்று அங்கே கிடந்தாலும் கிடக்கும்.